ஈடும் நீதியும்

தண்டனையோடு நீதி நிறைவுறுமா, பாதிக்கப்பட்டோர் புண்ணும் ஆறவேண்டுமா என்னும் வினா சட்ட அறிஞருக்கு மட்டும் உரியதன்று. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளை இணக்கத்தால் தீர்க்க முயல்கின்றன. வழக்காடுவோர் நாளையும் அயலாராய் வாழ்வோர். ஆதலின் அம்முறை பொருந்தும். ஆனால் மல்லாவி முதலாய வன்னி ஊர்களிலே, 2009இல் முடிந்த போரில் காணாமற்போனோரின் தாயார் முன் அதனை வைக்கலாமா? காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2016இலும் இழப்பீட்டு அலுவலகத்துக்கு 2018இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிற் போராடத் தொடங்கிய தாய்மார் கேட்டதோ பணமன்று. பிள்ளை எங்கே என்பதற்கு விடை. தென்னாபிரிக்க ஆணைக்குழு, குறைகள் பலவுடையதேனும், முழு உண்மையைக் கூறியோர்க்கே பொதுமன்னிப்பு அளித்தது. பாண்டியனும் (பொருள் கொடுத்துக் கண்ணகியை அனுப்ப முயன்றானல்லன்) தன் பிழையை ஒப்பினான். விடைக்கு முன் ஈட்டைப் பெறுவது மகனின் இறப்பைத் தானே பதிவதாகுமென ஒரு தாய் அஞ்சினால், அவ்வச்சத்தைப் பிடிவாதமென்று தள்ள நமக்கு உரிமையில்லை.