துருத்தி ஊதுவோன் கடமை

ஆற்றலைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்னும் விழைவு மனித இனத்தோடு பிறந்தது. கையால் பெயர்க்க முடியாத கல்லை மனிதன் நெம்புகோலால் பெயர்த்தான். வாயால் ஊதிப் பெருக்க முடியாத நெருப்பைத் துருத்தியால் பெருக்கினான். துருத்தி பிறந்ததும் இரும்பு அவன் சொற்படி வளைந்தது. அவ்விரும்பால் ஏரும் செய்யலாம், வாளும் செய்யலாம். எதைச் செய்வது என்னும் கேள்வி வாங்குவோனுக்கு மட்டும் உரியதா, துருத்தி ஊதுவோனுக்கும் உரியதா? மிகப் பழைய இந்தக் கேள்வி அண்மையில் என் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது.

ரவாங் இத்தகைய விழைவை நன்கறிந்த ஊர். தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்னாற்றல் முதன்முதலாகத் தொழிலுக்குப் பயன்பட்டது அங்கேதான் என்பர். சரியாக நூறாண்டு கழித்து, 1994-இல், ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் தொழிற்சாலை கொண்ட பெரோடுவா நிறுவனம் 660 சிசி கன்சில் காரை வெளியிட்டது. ஈயத்தால் பிழைத்த வட்டாரம் இயந்திரத்தாலும் பிழைக்கக் கற்றுக்கொண்டது. ஆதலால் எம் பிள்ளைகளுள் சிலர் இயந்திரத்தோடு உறவாடி வளர்வதில் வியப்பில்லை.

அப்படி வளர்ந்த பழைய மாணவர் ஒருவர் இங்கே கார்ப் பட்டறை நடத்தி வருகிறார். படிக்கும் காலத்தில் கணக்கில் சற்றுப் பின்தங்கியவர். ஆனால் பள்ளியின் தண்ணீர்ப் பம்பு நின்றுபோனபோது, அதன் கோளாறு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னவர். ஒரு ஞாயிறு மாலை அவர் என் வீட்டிற்கு வந்தார். நெடுநேரம் வேறெதையோ பேசிவிட்டு, “ஐயா, ஒரு தொழில் சிக்கல். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்றார்.

சிக்கல் இதுதான். ஓர் இளைஞர் கடன் வாங்கிப் பழைய மஸ்டாங் கார் ஒன்றை வாங்கியிருந்தார். எட்டு உருளைகளும் ஐந்து லிட்டர் கொள்ளளவும் கொண்ட, நானூறு குதிரைத் திறனைக் கடந்த இயந்திரம் அதனுடையது. அது அவருக்குப் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து சூப்பர்சார்ஜர் சாதனத்தொகுதி ஒன்றைத் தருவித்திருந்தார். பெட்டிகள் பட்டறைக்கு வந்து சேர்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பொருத்தித் தர வேண்டும். பிரேக்கும் டயரும் பழையனவாகவே இருக்கட்டும். அவற்றுக்குப் பணம் இல்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் பற்றிப் பேச வேண்டா. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிய வேண்டா. கூலியை மட்டும் கேட்டபடி தருவார். அக்கூலியில் பட்டறையின் இரண்டு மாத வாடகை அடங்கிவிடும்.

“நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்யப் போகிறான், ஐயா. அவன் என்னைவிட மோசமாகச் செய்வான். அப்படியிருக்க, நானே செய்வதுதானே நல்லது?”

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. “தம்பி, முதலில் அந்தச் சாதனம் என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரியும்படி சொல்” என்றேன். அன்று மாணவர் ஆசிரியரானார். அவர் சொல்லியவற்றையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே சுருக்கித் தருகிறேன். பொருளின் இயல்பை அறியாமல் அதன் அறத்தைப் பேசுதல் வீண்.

சூப்பர்சார்ஜர் என்பது ஒரு துருத்தியே. ஒரு பங்கு பெட்ரோல் செம்மையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சாதாரண இயந்திரம் வளிமண்டலத்தின் அழுத்தத்தால் வந்து நிரம்பும் காற்றை மட்டுமே பெறுகிறது. அதற்கு மேலும் காற்றைத் திணித்தால் மேலும் எரிபொருளை எரிக்கலாம், விசை கூடும். அமெரிக்காவின் ரூட்ஸ் உடன்பிறப்பினர் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதி உலைகளுக்குக் காற்றூட்டப் பயன்பட்டது. காட்லீப் டைம்லர் 1885-இலேயே காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கொல்லன் பட்டறையிலிருந்து காரின் முகப்பு மூடிக்குள் துருத்தி குடிபெயர்ந்த வரலாறு இது.

அதைச் சுழற்றுவது ஒரு பெல்ட். அந்தப் பெல்ட்டை இழுப்பதும் அதே இயந்திரம்தான். எனவே கூடுதல் விசையைத் தருவதற்கு முன்பே, இயந்திரத்தின் விசையில் ஒரு பகுதியைத் துருத்தி தனக்கென எடுத்துக்கொள்கிறது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று உருளைக்குள் புகுந்தால், எரிபொருள் கலவையின் ஒரு பகுதி உரிய முறையில் எரியாமல் தானே வெடிக்கும். அதிர்ச்சி பிஸ்டனைத் தாக்கும். காற்றுக்கு ஏற்பப் பெட்ரோல் கூடாவிட்டால் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகவும் கூடும். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு, மிகுதியான பெட்ரோலைத் தரும் பம்பும் தெளிப்பான்களும், அவற்றை ஆளும் கணினியில் புதிய கணக்கு, அக்கணக்கு பிழையற்றதா என்று காரை உருளைகளின்மீது ஓடவிட்டு அளந்து பார்த்தல் ஆகிய அனைத்தும் அத்துருத்தியின் பின்னே வர வேண்டும்.

இதில் ஒரு செய்தி என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. டாட்ஜ் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு மாடலாகச் சேலஞ்சர் ஹெல்கேட் என்னும் காரைச் சூப்பர்சார்ஜருடனேயே வெளியிட்டது. அதன் திறன் 707 குதிரைத் திறன். அதை வடிவமைத்தோர் அடித்துருவாக்கிய வலிய பிஸ்டன்களை வைத்தனர். பெரிய பிரேக்குகளை வைத்தனர். உருளைக்குள் கலவையை அழுத்தும் விகிதத்தை 9.5-க்கு 1 என அமைத்தனர். துருத்தியில்லாத மஸ்டாங்கிலோ அவ்விகிதம் 2015 மாடலில் 11-க்கு 1. 2018 மாடலில் 12-க்கு 1. வெளியிலிருந்து அழுத்தப் போகிறவன் உள்ளிருக்கும் அழுத்தத்தை முதலில் தளர்த்தினான் என்பது இதன் பொருள். தாங்குவதை வலுப்படுத்தியபின் தாக்குவதை வளர்த்தான். மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தியதும் இதையே அன்றோ?

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். ‘கார் அவருடையது; பணம் அவருடையது; உயிரும் அவருடையது; நமக்கென்ன?’ என்பது முதல் வாதம். இஃது எளிதில் வீழ்ந்துவிடும். சாலை அவருடையது அன்று. 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் இயக்க ஆற்றலைப்போல் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரின் ஆற்றல் நான்கு மடங்கு. 220 கிலோமீட்டர் வேகத்திலோ பதினாறு மடங்கு. அந்தப் பதினாறு மடங்கையும் அடக்க வேண்டியது பழைய பிரேக்கும் தேய்ந்த டயரும். எதிரே மோட்டார்சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் தாய்க்கு இந்தப் பேரத்தில் பங்கில்லை. ஆனால் அதன் இழப்பில் பங்குண்டு. தன்னைக் கேளாமல் தன்மீது சுமத்தப்படும் இடருக்கு இசைந்தவர் எவரும் இலர்.

இரண்டாம் வாதமே கடினமானது: ‘வேறொருவன் இதைவிட மோசமாகச் செய்வான்.’ இதைப் பொய்யென்று தள்ள முடியாது. அவர் மறுத்தால் அந்தப் பெட்டிகள் இன்னொரு பட்டறைக்குச் செல்லக்கூடும். அங்கே பெட்ரோல் கணக்கைக்கூட ஒருவரும் சரிபாராமல் விடக்கூடும். அப்போது நம் மறுப்பால் விளைந்த நன்மைதான் என்ன? நம் கையைத் தூய்மையாக வைத்துக்கொண்டது மட்டுந்தானே?

நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். இவ்வாதத்தில் ஒரு மறைவு இருக்கிறது. ‘மோசமாகச் செய்வான்’ என்று பிறனைச் சுட்டும் ஒருவன், தான் ‘நன்றாகச்’ செய்யப்போவதாக எண்ணுகிறான். பிரேக்கைத் தொடாமல், டயரை மாற்றாமல், ஒப்புதல் பெறாமல், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கும் பணி எவ்வாறு நன்றாகும்? திருகாணிகளைச் செம்மையாக முடுக்குதல் மட்டும் நல்ல பணி ஆகாது. மேலும், பிறன் செய்யக்கூடிய தீமையைக் காட்டி நம் தீமைக்கு விலை குறைக்கத் தொடங்கினால், அவ்வாதத்துக்கு முடிவே இராது. உலகில் எப்போதும் நம்மைவிடத் தாழ்ந்தவன் ஒருவன் இருந்துகொண்டே இருப்பான்.

எனினும், மறுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதும் அறமாகாது. நம் தூய்மை நமக்கு. அவர் சாவு அவருக்கு என்று இருந்துவிடுதல் ஒருவகைத் தன்னலமே. செயலை மறுக்கலாம், மனிதரை மறுத்தல் ஆகாது. செம்மையாகச் செய்யும் வழியைக் காட்டி, அவ்வழியில் செய்ய முன்வந்து, அதற்கு அவர் இசையாதபோது மட்டுமே விலக வேண்டும். விலகும்போதும் காரணங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவ்வாறு எழுதும்போது, எனக்கு இதைச் சொல்லும் தகுதி உண்டா என்று என் உள்ளமே என்னைக் கேட்கிறது. 1988-இல் தொடங்கி 2021-இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் காலத்தில் நானும் துருத்தி ஊதியவன்தான். கூரிய அறிவுடைய சிறுமி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, விடுமுறையில் ஒரு வகுப்பு என்று பாடங்களைத் திணித்தேன். அவள் தூங்கினாளா, விளையாடினாளா, வீட்டில் அவளுக்குப் படிக்க ஓர் இடமாவது இருந்ததா என்று நான் கேட்கவில்லை. எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றாள். மாலை சூட்டிப் படமெடுத்தோம். அடுத்த ஆண்டு, இடைநிலைப் பள்ளிச் சீருடையில் அவளைக் கடைத்தெருவில் கண்டேன். “புத்தகத்தைத் திறந்தாலே தலை வலிக்கிறது, ஐயா” என்றாள். மேலும் ஈராண்டில் அவள் படிப்பை விட்டாள். ‘நான் அழுத்தாவிட்டால் டியூஷன் மையம் அழுத்தியிருக்கும்’ என்று நானும் அன்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே வாதம், அதே மறைவு.

ஆகவே, கற்பித்தலும் பட்டறைத் தொழிலும் இவ்வகையில் ஒன்றே. விசை கூட்டுதல் குற்றமன்று. ரவாங்கின் சுரங்கத்தில் விசை கூட்டியிராவிட்டால் இவ்வூர் வளர்ந்திராது. ஆனால் விசை கூட்டுவோன், அதைத் தாங்க வேண்டியதை முதலில் வலுப்படுத்தும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறான். அக்கடமையை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பெறுபவன் தொழிலாளியாகான்.

அடுத்த வாரம் மாணவர் மீண்டும் வந்தார். ஒரு தாளில் பணிகளை வரிசைப்படுத்தி எழுதியிருந்தார்: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்துக் குளிர்விப்பு, பின்னர் எரிபொருள், ஒப்புதலுக்கான விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெல்ட். அந்த வரிசையில் செய்வதானால் கூலியைத் தவணையில் தரலாம் என்றும் அந்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறார். அவர் தாளைப் படித்துவிட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம்.

“தாளை விட்டுவிட்டுப் போனாரா?” என்று கேட்டேன்.

“இல்லை, ஐயா. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் பொருத்தினாலும் சரி, இயந்திரத்தில் ஓசை மாறினால் உடனே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்” என்றார்.

அம்மாத வாடகைக்கு அவர் தம் அண்ணனிடம் கடன் வாங்கினார். அவர் கணக்கில் பின்தங்கியவர் என்று ஒரு காலத்தில் அறிக்கையில் எழுதியவன் நான்.