வாசிக்காமல் தேறினால் யாருக்கு நட்டம்?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பின்னர் வெட்டுப்புள்ளியும் வந்து, பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டை எட்டும் நாளில் என்ன நடக்கும் என்பது நாமெல்லோரும் அறிந்ததே. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் கேக் போகும். கனடாவிலிருந்து மாமா அழைப்பார். லண்டனிலிருந்து சித்தி அழைப்பார். கோயிலில் ஒரு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். ஆனால் மாதங்கள் சில கழிந்து, அந்தப் பிள்ளை முதல் வார விரிவுரைகளுக்குச் சென்று கையில் ஒரு தாளோடு வீடு திரும்பும்போது, அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பார் யாருமில்லை. அதிலே ஏழெட்டு நூல்களின் பெயர்கள் இருக்கும். பெரும்பாலும் ஆங்கில நூல்கள். இவற்றை வாசித்துக்கொண்டு வரவேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருப்பார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். அதில் உள்ள நூல்களில் ஒன்றையும் திறவாமல், மூத்த மாணவர்கள் கைமாற்றித் தந்த குறிப்புகளைப் போட்டோக் கொப்பி எடுத்து மனனம் செய்து ஒருவர் தேறிவிடலாம். அப்படித் தேறியவர்கள் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. அப்படியிருக்க, வாசிக்காமல் விடுவது வெறும் சோம்பல்தானா? அல்லது அதற்கும் அப்பால் ஏதேனும் பிழை அதில் உண்டா?

பிள்ளைகளைக் குறைகூற முன்னர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வருடப் பள்ளிப் படிப்பிலே நமது பிள்ளைகளை யாரும் ஒரு முழு நூலை வாசிக்கச் சொல்லவில்லை. ரியூசன் வகுப்பிலே ரியூட் கிடைக்கும். அதில் கேள்வியும் இருக்கும், விடையும் இருக்கும். கடந்தகால வினாத்தாள்களைப் பத்து வருடத்துக்குச் செய்து பார்த்தால் பதினோராவது வருடத்து வினாத்தாள் பழகிய முகமாகத் தெரியும். இதற்காக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பெற்றோரும் காசைக் கொட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தோடு பல்கலைக்கழக வாசலில் கால் வைக்கும் பிள்ளை அங்கேயும் ரியூட்டைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்? தமிழ் மொழி மூலம் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடநெறிகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் வாசிக்க ஒரு முழு மாலைப்பொழுது போய்விடும். அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல. களைத்துப் போன பிள்ளை.

இனி வீட்டார் அறியாத ஒரு கணக்கைச் சொல்கிறோம். இலங்கையில் நடைமுறையிலுள்ள தகைமைக் கட்டமைப்பின்படி, பட்டப்படிப்பில் ஒரு திறமைப் புள்ளிக்கு, அதாவது ஒரு 'கிரெடிட்'டுக்கு, மாணவர் 50 மணித்தியாலம் உழைக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். எனவே 1500 மணித்தியாலம். ஓர் அரையாண்டுக்கு 750. அதைப் பதினைந்து வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலம் வருகிறது. பரீட்சைக்கு முந்திய வாரங்களையும் சேர்த்துப் பிரித்தால் சற்றுக் குறையும். இந்த 50இல் விரிவுரை மண்டபத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 15 மணித்தியாலம் மாத்திரமே. மிகுதி 35 மணித்தியாலமும் வாசிப்பும், எழுத்தும், செய்முறையும். ஆகவே, "இன்றைக்கு இரண்டு மணித்தியாலம்தானே வகுப்பு, மிச்ச நேரம் சும்மாதானே இருக்கிறாய்" என்று சொல்லிப் பிள்ளையை மின்சாரக் கட்டணம் கட்டவும், தங்கச்சியை ரியூசனுக்குக் கூட்டிப்போகவும், மாமாவின் கடையில் போய் நிற்கவும் அனுப்புகின்ற பெற்றோரே, சற்று நில்லுங்கள். கதிரையில் அசையாமல் இருந்து ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். மண்வெட்டி பிடிப்பவனைக் கண்டால் வேலை என்று நமக்குத் தெரிகிறது. புத்தகம் பிடிப்பவனைக் கண்டால் ஓய்வு என்று தோன்றுகிறது. நம்முடைய இந்தக் கண்ணோட்டம்தான் பல பிள்ளைகளின் முதல் வருடத்தைக் குலைக்கிறது.

நிற்க. உழைத்தே ஆகவேண்டிய பிள்ளைகளும் உண்டே. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எத்தனையோ பேருக்கு வீட்டிலிருந்து வரும் காசு போதாது. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் பல வருடங்களாக மாதம் 5000 ரூபாவாக இருந்து 2025இல் 7500 ஆக உயர்த்தப்பட்டது. அறை வாடகைக்கே அது காணாது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்குள் 90 வீதத்துக்கும் மேலாக ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று வேலைக்குப் போகத் தொடங்கிய மாணவர் பலர். மாலையில் சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவர்கள், காலி வீதிப் புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர்கள், மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டு செல்பவர்கள் என்று இவர்கள் நம் கண்முன்னே நடமாடுகிறார்கள். இவர்களிடம் போய் "வாசிப்பே முதல் கடமை" என்று பிரசங்கம் செய்வது வயிறு நிறைந்தவன் பேச்சு. வேலையின் மதிப்பு என்ன வேலை என்பதில் அல்ல, அதைச் செய்கின்ற மனிதனில் தங்கியிருக்கிறது என்பதை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் அழுத்தமாகக் கூறினார். தாய்க்கு மருந்து வாங்கக் கடையில் நிற்கும் மகன் புத்தகம் திறக்கவில்லை என்றால் அவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் தேவைக்காக உழைப்பதும், புதிய கைபேசிக்காக உழைப்பதும் ஒன்றாகா. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துத் தப்பித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எது எது என்பதை வெளியாள் தீர்மானிக்க முடியாது; அந்தப் பிள்ளைக்கே தெரியும்.

இப்போது கேள்விக்கு வருவோம். வாசிக்காதது ஒருபுறமிருக்க, வாசித்ததாகக் காட்டிக்கொள்வது இன்னொன்று. கட்டுரையின் அடியில் ஆறு நூல்களின் பெயரும் பக்க எண்ணும் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் அவற்றின் அட்டையைக்கூடக் கண்டிருக்கமாட்டார். முன்பெல்லாம் இதற்கு மூத்த மாணவரின் கொப்பி வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம். கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூலின் பெயரைச் சொன்னால் கண்மூடித் திறப்பதற்குள் சுருக்கம் வருகிறது. கேட்டால் கட்டுரையே வருகிறது. சில வேளைகளில் இல்லாத நூலின் பெயரையும் அது கூசாமல் தந்துவிடுகிறது.

சுருக்கத்தைப் பார்ப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. தெரியாத ஊருக்குப் போக முன்னர் வரைபடத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆங்கிலம் தடக்குகிற பிள்ளைக்கு அது ஊன்றுகோலாகவும் இருக்கலாம். ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நான் அந்த ஊருக்குப் போய் வந்தேன்" என்று சொன்னால் அதற்குப் பெயர் பொய். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மாத்திரம் தரப்பட்டதல்ல. தன் பெயரை எழுதிக் கையளிக்கிற ஒவ்வொரு தாளும் ஒரு சாட்சியம்தான்.

இதனால் நட்டப்படுபவர் விரிவுரையாளர் அல்லர். அவருக்கு ஒரு தாள் குறைவாகத் திருத்தக் கிடைத்தாலே மகிழ்ச்சி. நட்டப்படுபவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். கன்னங்கரா காட்டிய வழியிலே இலட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்து வந்தார்கள். ஆனால் இலவசம் என்றால் யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார் என்றே பொருள். கொழுந்து பறித்துவிட்டு வரும் ஒரு தாய் சவர்க்காரக் கட்டி வாங்கும்போது 18 வீதம் பெறுமதி சேர் வரி கொடுக்கிறாள். அவளுடைய மகளுக்குச் சில வேளை வெட்டுப்புள்ளி காணாமற் போயிருக்கும். உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பது வருடந்தோறும் நாம் காணும் உண்மை. அந்த மகள் இருந்திருக்கக்கூடிய கதிரையில் நம் பிள்ளை இருக்கிறது. இருந்துகொண்டு படிப்பது போல நடிப்பது அவளிடமிருந்து இரண்டாம் முறையும் எடுப்பதாகும். நாளைக்கு இந்தப் பிள்ளை ஆசிரியராகவோ, சட்டத்தரணியாகவோ, வைத்தியராகவோ ஒரு கதவைத் திறந்து வைக்கும்போது உள்ளே வருபவரும் அவளைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார்.

"திணித்து வாசிக்க வைத்தால் வாசிப்பின்மேல் வெறுப்புத்தானே வரும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் இலக்கிய வாசிப்பைப் பற்றி 2024இல் எழுதிய கடிதத்தில் தமது அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஆர்ஜன்ரீனாவின் சாந்தா பே நகரில் யேசுசபைப் பாடசாலையொன்றில் அவர் இலக்கியம் படிப்பித்தார். பாடத்திட்டத்தில் 'எல் சித்' என்ற பழைய ஸ்பானியக் காவியம். மாணவர்களோ கார்சியா லோர்க்காவை வாசிக்க வேண்டும் என்றார்கள். காவியத்தை வீட்டில் வாசியுங்கள், வகுப்பில் நீங்கள் விரும்புகிற எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவோம் என்று அவர் முடிவு செய்தார். நல்ல ஆசிரியரின் உபாயம் இது. ஆனால் கவனியுங்கள்: காவியத்தை அவர் வேண்டாம் என்று தள்ளிவிடவில்லை.

நாமாகத் தெரிந்தெடுக்காத நூலும் நம்மைத் தொடும் என்பதற்குப் புனித அகுஸ்தீனாரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற சிற்றூர் அவருடைய ஊர். தந்தை பத்ரீசியுசுக்குப் பெரிய வசதியில்லை. மகனைக் கார்த்தேஜுக்கு அனுப்பப் பணம் சேரும்வரை பதினாறு வயதுப் பையன் ஒரு வருடம் படிப்பின்றி வீட்டில் இருந்தார். அந்த வருடத்தில் அவர் பார்த்த வேலைகளை அவரே எழுதி வைத்திருக்கிறார். கார்த்தேஜுக்குப் போனபின் தந்தை இறந்தார். தாய் மோனிக்காவின் காசில் படிப்புத் தொடர்ந்தது. பத்தொன்பது வயதில், வழமையான பாட ஒழுங்கின்படி, சிசெரோ எழுதிய 'ஹொர்தென்சியுஸ்' என்ற நூல் அவர் கைக்கு வந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. நாவன்மையைக் கூர்மையாக்கிக்கொண்டு நல்ல உத்தியோகம் தேடத்தான் படித்துக்கொண்டிருந்தார். நூலின் நடையை விட்டு அது சொன்ன பொருளே அவரைப் பிடித்துக்கொண்டது. ஞானத்தின்மேல் ஆசை பிறந்தது. உடனே புனிதராகிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அதன்பின் வேதாகமத்தைத் திறந்து பார்த்து, சிசெரோவோடு ஒப்பிட்டால் இதன் நடை தாழ்ந்தது என்று மூடியும் வைத்தார்! ஞானஸ்நானம் பெற இன்னும் பதின்மூன்று, பதினான்கு வருடம் பிடித்தது. இன்று அந்த 'ஹொர்தென்சியுஸ்' முழுமையாகக் கிடைப்பதில்லை; சிதறிய பகுதிகளே உள்ளன. கார்த்தேஜில் யாரோ அதற்கொரு சுருக்கம் எழுதி விற்று, அகுஸ்தீனார் அதை மனனம் செய்து தேறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

"எனக்கு அடித்தளமே இல்லை, இனி எப்படி?" என்று கலங்குகிற மாணவருக்கு நம்மவர் ஒருவரைக் காட்டுகிறோம். தனிநாயகம் அடிகளார் 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, கொழும்பில் குருமடத்தில் படித்து, உரோமையிலும் படித்துக் குருவானவர். ஐரோப்பிய மொழிகள் பல அவருக்குத் தெரியும். தமிழ் இலக்கியமோ அவ்வளவாகத் தெரியாது. தென்தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பாடசாலையில் பணிபுரிந்தபோது, ஒரு பண்டிதரிடம் தமிழைத் தொடக்க மாணவனாகப் பாடம் கேட்டார். முப்பது வயதைத் தாண்டிய பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தம்மைவிட இளையவர்களோடு வகுப்பில் இருந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியதற்குப் பின்னால் இருந்த உழைப்பு அவருடையது.

சரி, வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ரியூசன் சொல்லிக்கொடுத்து வாழும் மாணவி அந்த எட்டு நூல்களையும் எப்படி வாசிப்பாள்? வாசிக்க முடியாது. அதை மறைக்கத் தேவையுமில்லை. முதல் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் போய், "சேர், நான் வேலையும் செய்கிறேன், இவற்றில் எந்த இரண்டை முழுமையாக வாசிக்க வேண்டும்?" என்று கேட்கட்டும். இப்படிக் கேட்கிற மாணவரை எந்த நல்ல விரிவுரையாளரும் விரட்டமாட்டார். அந்த இரண்டையும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து, வாசித்ததை மாத்திரம் கட்டுரையில் எழுதட்டும். புள்ளி ஐந்தோ பத்தோ குறையலாம். முழுநேர வேலை தவிர்க்க முடியாதது என்றால், 1980இல் தொடங்கிய நாவலைத் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்வோரும் படிக்கவென்றே அமைந்தது. வருடம் கூடினாலும் அங்கே போவது தோல்வியல்ல.

வீட்டில் இடமில்லை என்பது வெள்ளவத்தையில் வெறும் சாட்டு அல்ல. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், கூடத்தில் தொலைக்காட்சி நாடகம், கீழே காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன். இரவு எட்டிலிருந்து பத்துவரை தொலைக்காட்சியை மூடி, சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததை எண்ணி இன்றும் மனம் நோகும் சமூகம் நாம். எரியாத நூல்களையாவது திறக்க வேண்டாமா? கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலிருந்து இருக்கிறது. அதன் நூலகம் 57ஆம் ஒழுங்கையில். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு அங்கே போக பஸ்ஸும் வேண்டாம், நடந்தே போகலாம்.