முகத்தின் நோயும் மனத்தின் நோயும்

 

பகவான் புத்தர் நான்கு மெய்ம்மைகளை அருளியபொழுது துக்கத்தையே முதலாவதாக வைத்தார். காரணம் யாதெனில், நல்ல வைத்தியன் முதற்கண் நோயை உள்ளபடி காண்பான். பின்னர் அதன் மூலத்தைத் தேடுவான். அது தணியும் என்பதை அறிவான். அதன்பின்னரே தணிக்கும் வழியைக் கூறுவான். நோயைக் கண்டு முகந்திருப்பிக் கொள்பவன் வைத்தியனும் ஆகான். தம்மத்தைக் கேட்டவனும் ஆகான். நம்முள் பலர் முகந்திருப்பிக் கொள்ளும் ஒரு துக்கத்தைப் பற்றியே இன்று பேசக் கருதினோம். தாடையில் புற்றுநோய் கண்டு, ரண சிகிச்சை செய்துகொண்டு, உயிர் பிழைத்தபின், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் முகத்தைவிட்டு நீங்காதிருக்கும் வீக்கமே அத்துக்கமாம்.

நமது ஆஸ்டின் டவுனிலும் அடுத்துள்ள நீலசந்திராவிலும் உழைத்துண்ணும் குடும்பங்களுக்கு வாய்ப்புற்று என்பது கேளாத பெயர் அன்று. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு புற்றுநோய் நிலையம் தோன்றியது. நமது பெங்களூரில் ஓசூர் சாலையில் கித்வாய் மருத்துவ நிலையம் 1973-ஆம் ஆண்டு தோன்றியது. தாடையெலும்பின் ஒரு பகுதியை இழந்தும் உயிரோடு வீடு திரும்புவோர் இன்று பலர் உளர். திரும்பியவரைக் கண்டு உற்றார் நோய் போயிற்று என்று மகிழ்கின்றனர். அவரோ விடியற்காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்க்கிறார். கன்னமும் மோவாயின் அடியும் உப்பிக் கிடக்கின்றன. கடைக்குச் செல்வதை நிறுத்துகிறார். திருமணங்களுக்குச் செல்வதை நிறுத்துகிறார். பௌர்ணமிக் கூட்டத்திற்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார். தாடையை அறுத்த கத்தி அவரை மனிதரினின்றும் அறுக்கவில்லை, வெட்கமே அறுத்தது.

இவ்வீக்கத்தின் மூலம் யாது? நமது உடலில் இரத்தக் குழாய்களைப்போலவே நிணநீர் செல்லும் நுண்ணிய குழாய்களும், அந்நீரை வடிகட்டும் கணுக்களும் உள்ளன. தாடைப் புற்று கழுத்துக் கணுக்களுக்குப் பரவுவதுண்டு; ஆகலின் வைத்தியர் அக்கணுக்களையும் சேர்த்தே நீக்குவர். அதன்மேல் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அளிப்பின், எஞ்சிய குழாய்கள் சுருங்கித் தழும்பேறும். வாய்க்கால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதுபோல முகத்தில் நிணநீர் தேங்குகிறது. இரவில் படுத்திருக்குங்கால் மிகுகிறது. பகலில் எழுந்து நடமாட ஓரளவு வடிகிறது. கவனியாது விடின் மென்மையான வீக்கம் நாளடைவில் கடினமாகவும் கூடும்.

மூலம் இவ்வாறிருக்க, அண்டை அயலார் முற்பிறப்பின் வினை என்று முணுமுணுக்கின்றனர். சீவகன் என்னும் பரிவிராசகன் பகவானிடம் சென்று, மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் பழவினையால் வருவனவே என்று சிலர் கூறுகின்றனரே என வினவினான். பகவான் அதனை ஒப்பவில்லை. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டம், பருவ மாறுதல், உடலைப் பேணாமை, திடீரென நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்து, எல்லாம் பழவினையே என்போர் கண்கூடாக அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்று விளக்கினார். புகையிலையும் மதுவும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்பது உலகம் அறிந்தது. புகையிலை சேராத பாக்கும் வெற்றிலைச் சுருளும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்தது. ஆதலின் மெல்லும் பழக்கமுடையோர் இன்றே விடுதல் வேண்டும். எனினும் இவற்றைத் தொடாதவர்க்கும் இந்நோய் வருவதுண்டு. நோயுற்றவர்முன் நின்று பழி கூறுவது தம்மமும் ஆகாது, மருந்தும் ஆகாது.

பகவான் இரண்டு அம்புகளைப் பற்றியும் அருளியுள்ளார். ஒருவன்மீது ஓர் அம்பு தைக்கிறது. அவ்வலி மெய்யான வலி. அறிவில்லாதவன் அதைக் குறித்துப் புலம்பி, வெகுண்டு, மனங்கலங்குகிறான். இது தன்மீது தைத்த இரண்டாவது அம்பு. ஞானியும் முதல் அம்பின் வலியை உணர்கிறான். இரண்டாவது அவன்மேல் தைப்பதில்லை. அன்பர்களே! முகவீக்கம் முதல் அம்பு. அதனை இல்லையென்று கூற எவராலும் இயலாது. இம்முகத்தோடு எவ்வாறு வெளியே செல்வேன் என்னும் எண்ணமே இரண்டாவது அம்பு. இதனை எய்பவர் பாதி நோயாளியும் பாதி நாமுமாக இருக்கின்றோம்.

சாவத்தியில் லகுண்டக பத்தியர் என்னும் பிக்கு இருந்தார். குறுகிய உருவினர், காண்பதற்கு அழகற்றவர். பிற பிக்குகள் அவரை இகழ்ந்தனர். அவர் வருவதைத் தொலைவிலேயே கண்ட பகவான், பிக்குகளை அழைத்து அவரைச் சுட்டிக்காட்டி, இவர் பேராற்றல் உடையவர், அடைதற்கரிய பேறுகளை அடைந்தவர் என்று புகழ்ந்தார். உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களைக் குணத்தின்பால் திருப்பினார்.

இவ்வரலாற்றை நம்மினும் நன்கு உணரவல்லார் யாவர்? பிறப்பைக் காட்டி உலகம் நம்மீது சுமத்திய இழிவை, மும்மணிகளைச் சரணடைந்த நாளில் இறக்கிவைத்தோம். பிறர் கண்ணில் உள்ள அருவருப்பு நமது குற்றமன்று என்று அன்று தெளிந்தோம். அவ்வாறு தெளிந்த நாம், உடலில் வந்த ஒரு வீக்கத்திற்காக அதே வெட்கத்தை மீண்டும் தலைமேல் ஏற்றிக்கொள்ளலாமா? நம்முள் ஒருவரை ஏற்றிக்கொள்ளும்படி விடலாமா?

அமெரிக்க நாட்டில் ரோஜர் எபர்ட் என்னும் திரைப்பட விமரிசகர் இருந்தார். புற்றுநோயால் 2006-ஆம் ஆண்டு தாடையெலும்பின் ஒரு பகுதியை இழந்தார்; பின்னர்ப் பேச்சையும், வாயால் உண்ணுதலையும் இழந்தார். தொலைக்காட்சியில் பலர் கண்ட முகம் அவருடையது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 2010-ஆம் ஆண்டு தம் மாறிய முகத்தைப் பத்திரிகையில் முழுப்பக்கப் படமாக வெளியிட இசைந்தார். 2013-ஆம் ஆண்டு இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

இனி, தணிக்கும் வழியைக் கூறுவோம். மன உறுதி கொண்டவரும் உடலைப் பேணுதலைக் கைவிடலாகாது. வைத்தியரிடம் வீக்கத்தைக் காட்டி, நிணநீரை வடியச்செய்யும் பயிற்சி அறிந்த பிசியோதெரபி நிபுணரிடம் முறையைக் கற்றல் வேண்டும். அம்முறையில் விரல்கள் தோலைச் சற்றே நகர்த்துமளவு மென்மையாக இயங்கும்; முதலில் கழுத்தின் அடியிலும் அக்குளிலும் வழியைத் திறந்து, பின்னரே முகத்திற்கு வருவர். எண்ணெயிட்டு அழுத்தித் தேய்த்தலும், சூடான ஒத்தடமும் கூடா. படுக்கையில் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்க. கழுத்தையும் வாயையும் அசைக்கும் பயிற்சிகளை, வைத்தியர் கூறியவாறு நாள்தோறும் செய்க. உணர்ச்சியற்ற கன்னத்தில் சூடான காப்பி சுட்டாலும் தெரியாது. சவரக் கத்தி கீறினாலும் தெரியாது. ஆகலின் எச்சரிக்கை வேண்டும். கதிர்வீச்சுப் பெற்ற தாடையில், புற்றுநோய் வைத்தியரைக் கேளாது பல் பிடுங்கலாகாது. முகம் சிவந்து சூடேறிக் காய்ச்சல் வரினும், வீக்கம் திடீரென மிகினும், புதிய கட்டி தோன்றினும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. மூச்சுவிட இடர்ப்பாடு நேரின் அந்நொடியே செல்க.

இவற்றால் வீக்கம் குறையும். பலர்க்கு முற்றும் மறைவதில்லை. இதனை மறைக்காது கூறுவதே நேர்மை. சீலத்தை ஒருநாள் காத்து மறுநாள் விடுதல் எவ்வாறு பயனற்றதோ, அவ்வாறே இப்பயிற்சியும் நாள்தோறும் காக்கப்படுவதாம்.

இறுதியாக, நலமுடன் இருப்போர்க்கு ஒரு சொல். வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவானும் ஆனந்தரும் கண்டனர். பகவான் நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ப் பகவான் சங்கத்தைக் கூட்டி, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்று பணித்தார். அப்பணியை ஏற்றோர் நாம். வீக்கமுற்ற அன்பரின் இல்லத்திற்கு நாமே முதலில் செல்வோம். அவர் கன்னத்தை உற்றுநோக்காமலும், கண்ணைத் தாழ்த்திக்கொள்ளாமலும், கண்ணோடு கண் நோக்கிப் பேசுவோம். அவர் சொல் குழறினால் முடிக்கும்வரை பொறுப்போம். அவர் சொல்லை நாம் பறித்து முடிக்கமாட்டோம். விருந்தில் அவர்க்கென்று குழைந்த சோறும் கஞ்சியும் கேளாமலே வைப்போம். அடுத்த பௌர்ணமியன்று உடன் அழைத்துவந்து, கடைசி வரிசையில் ஒதுக்காமல், நம் நடுவில் அமர்த்துவோம்.

முதல் அம்பைப் பிடுங்குவது வைத்தியர் கடன். இரண்டாவதை எய்யாதிருப்பது நம் கடன். எல்லா உயிர்களும் துயர் நீங்கி நலமுறுக!

நமோ புத்தாய!