வேண்டுதல் பலிக்காத வீட்டுக்கு நாம் என்ன சொல்வது?

ஓம் சரவணபவ!

கொஞ்ச நாளா மனசுல ஓடிட்டிருக்கிற ஒரு கேள்வியை இன்னிக்கு உங்க முன்னாடி வைக்கிறேன். பொறுமையாப் படிங்க.

உயிருக்குப் போராடின ஒருத்தர் பிழைச்சா, "முருகன் காப்பாத்திட்டான்" என்கிறோம். அதே ஆஸ்பத்திரியில், அதே முருகனை வேண்டிக்கிட்ட இன்னொரு வீட்டில் ஒருத்தர் பிழைக்கலைன்னா, அந்த வீட்டுக்கு நாம் என்ன சொல்வது?

வாதம் பண்ண இதைக் கேட்கவில்லை. சில மாதம் முன்பு என் அம்மாவுக்குத் திடீர்னு வயிற்று வலி. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, ராத்திரிக்குள் வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. கூடவே காய்ச்சல், வாந்தி. ஸ்கேன் பார்த்த டாக்டர், "குடல்வால் வெடிச்சிருக்கு, உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார். குடல்வால் வெடித்தால் சீழ் வயிற்றுக்குள் பரவும். அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தால் மற்ற உறுப்புகளும் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. தியேட்டர் வாசலில் அப்பாவும் நானும் கந்த சஷ்டி கவசம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா பிழைச்சுட்டாங்க.

எங்க பக்கத்தில் இன்னொரு குடும்பம். அவங்க அப்பாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசர ஆபரேஷன். கையில் விபூதிப் பொட்டலம், மொபைலில் அதே கவசம். கிராமத்திலிருந்து கிளம்பி, ரெண்டு ஆஸ்பத்திரி மாறி, வலி வந்த மூணாம் நாள்தான் வந்து சேர்ந்திருக்காங்க. மறுநாள் விடியற்காலை அவர் இறந்துட்டார். அவரோட மகள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நாங்களும்தானே அண்ணா கும்பிட்டோம்?"

என்கிட்ட பதில் இல்லை. அவங்க தம்பியோட பில் கவுண்ட்டரில் போய் நின்னேன். வண்டி வர்ற வரைக்கும் கூட இருந்தேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை.

இதுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ரெண்டு. முதல் பதில், கர்மவினை. என் கஷ்டத்துக்கு நானே அப்படிச் சொல்லிக்கிட்டா அதில் ஒரு ஆறுதல் இருக்கு. அப்பாவை இழந்து நிக்கிற பொண்ணுகிட்ட நான் சொன்னா, அது தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல நான் யார்?

ரெண்டாவது பதில், "நம்பிக்கை பத்தலை." இது இன்னும் கொடுமை. பாம்பன் சுவாமிகளை நினைச்சுப் பாருங்க. 1923 டிசம்பரில் சென்னையில் குதிரை வண்டி மோதி, கால் முறிந்து, அரசு பொது மருத்துவமனையில் படுத்திருந்தார். மயில் வாகனக் காட்சி கண்டு அவர் குணமானதை நாம் வருஷா வருஷம் மயூர வாகன சேவன விழாவாகக் கொண்டாடுறோம். நாம் அதிகம் பேசாத பாதி ஒண்ணு இருக்கு. சண்முக கவசத்தைப் பாடினவரே அவர்தான். அவர் மேலேயே வண்டி ஏறியது. கவசம் பாடினவருக்கே அடி விழாமல் இருக்கவில்லை. அதுக்காக அவர் பக்தியைக் குறை சொல்வோமா? அப்போ அந்தக் கிராமத்து அப்பாவோட பக்தியை மட்டும் ஏன் அளக்கணும்?

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவன். இந்த இன்புட் கொடுத்தா இந்த அவுட்புட் வரணும்னு எழுதறதுதான் என் பிழைப்பு. வேண்டுதல் அப்படி ஒரு புரோகிராம் இல்லை என்பதுதான் எனக்குப் புரிஞ்சது. இன்னொண்ணும் கவனிச்சேன். நம்ம குரூப்பில் வரும் அற்புதம் எல்லாம் பிழைச்சவங்க வீட்டிலிருந்து வருவது. இறந்தவங்க வீட்டிலிருந்து யாரும் எழுதறதில்லை. அவங்களும் இதே குரூப்பில் இருக்காங்க, படிச்சிட்டுப் பேசாம இருக்காங்க.

அப்படின்னா "முருகன் காப்பாத்தினான்" என்று சொல்லக் கூடாதா? கண்டிப்பாச் சொல்லலாம். நானும் சொல்றேன். அதை நன்றியாகச் சொல்றேன், காரணமாகச் சொல்றதில்லை. நன்றி என்றால், தகுதி பார்க்காமல் கிடைச்சதுக்குக் கை கூப்புவது. "நாங்க கும்பிட்டோம், அதனால கிடைச்சது" என்று காரணமாக்கும்போதே, கிடைக்காதவங்க சரியாகக் கும்பிடலைன்னு நாம் சொல்லாமல் சொல்லிடறோம்.

எங்க அம்மாவுக்கும் அவருக்கும் கண்ணுக்குத் தெரிஞ்ச பெரிய வித்தியாசம், நேரமும் தூரமும்தான். எங்க வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் ஆபரேஷன் தியேட்டர் இருந்தது. அவங்களுக்கு அது மூணு நாள் தள்ளி இருந்தது. "முருகனே டாக்டர் ரூபத்தில் வந்தான்" என்று சொல்றோம் இல்லையா? அப்படின்னா அந்த ரூபம் இன்னொரு வீட்டுக்கும் நேரத்தில் போய்ச் சேர நாம் ஏதாவது செய்யணும்.

அம்மா பழனிக்குப் பால்குடம் நேர்ந்துக்கிட்டாங்க. சந்தோஷமா எடுப்போம். அதோட நான் ஒண்ணு சேர்த்துக்கிட்டேன். ஆரோக்கியமான ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கலாம். கிருத்திகையை ஒட்டி நான் கொடுக்க ஆரம்பிச்சிருக்கேன். அப்புறம், தெருவில் யாராவது விடாத வயிற்று வலின்னு சொன்னா, கஷாயம் சொல்றதுக்கு முன்னாடி 108-க்குப் போன் போடச் சொல்றேன்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை குரூப்பில் அற்புதம் எழுதும்போது, கடைசியில் ஒரு வரி சேருங்க: "இழந்தவங்களோட முருகன் இருக்கான், நாங்களும் இருக்கோம்." எழுதினதோட விடாமல், அந்த வீட்டுக்கு ஒரு தடவை நேரில் போய் உட்கார்ந்துட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!