கொடுக்கப்படும் சிப்பாய்

சதுரங்கத்தில் ‘கம்பிற்’ என்றொரு வகைத் தொடக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கிய கையோடு ஒரு சிப்பாயை எதிரிக்கு வெட்டக் கொடுத்து, பதிலாக நேரத்தையும் வழியையும் வாங்குவது. காலை இடறி விழுத்துவது என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். இவற்றில் முரட்டுத்தனமானது ராஜாக் கம்பிற். இரு பக்கமும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியதும், வெள்ளை ஆடுபவர் ராஜாவுக்குப் பக்கத்து மந்திரியின் சிப்பாயையும் இரண்டு கட்டம் முன்னுக்குத் தள்ளுகிறார். விரும்பினால் வெட்டலாம்.

வெட்டினால் கறுப்பின் சிப்பாய் பலகையின் நடுவை விட்டு விலகிவிடும். வெள்ளையின் கோட்டைக்கு வழி திறக்கும். ஆனால், சிப்பாய் விலகிய அதே வெளியால் கறுப்பு ராணி வந்து ராஜாவுக்குச் செக் சொல்லலாம். கொடுப்பவர் தன் வீட்டுக் கதவையும் திறந்து வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

1851இல் லண்டனில் அண்டர்சன் என்ற ஜெர்மானியர், கீஸெரிற்ஸ்கி என்பவரோடு இப்படித் தொடங்கினார். ஒரு மந்திரி, இரண்டு கோட்டைகள், கடைசியில் ராணி என்று எல்லாவற்றையும் கொடுத்து, மிஞ்சிய சிறு காய்கள் மூன்றினால் 23ஆவது நகர்வில் ராஜாவை மடக்கினார். கீஸெரிற்ஸ்கி இழந்தவை மூன்று சிப்பாய்கள் மட்டுமே. பால்க்பியர் என்ற ஆட்டக்காரர் 1855இல் இதற்கு ‘அழியாத ஆட்டம்’ என்று பெயர் வைத்தார்.

ரெஸ்ரோறன்றில் அடுப்புகளைத் துடைத்து முடித்த பின், நள்ளிரவில் நாம் இந்த ஆட்டத்தைப் பலமுறை ஆடிப் பார்த்திருக்கிறோம். ராணியைக் கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ‘ஆகா’ என்போம். அந்த ‘ஆகா’வைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த விரும்புகிறோம்.

கறுப்பு என்ன செய்யலாம்? வெட்டிய சிப்பாயைக் காப்பாற்றக் குதிரையின் சிப்பாயையும் முன்னே தள்ளலாம். 1960இல் மார் டெல் பிளாற்றாவில் பிஷர் அப்படி ஆடி, ஸ்பாஸ்கியிடம் தோற்றார். பால்க்பியரின் பெயரிலுள்ள வழி வேறு: வெட்டாமலே ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, நடுவிலேயே பதில் சொல்வது. பின்னாளில் வந்த வழி இன்னொன்று: முதலில் வெட்டுவது, அடுத்து ராணியின் சிப்பாயை நகர்த்தி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் காய்களை வெளியே கொண்டுவருவது. கம்பிற் நம்பியிருப்பது எதிரியின் ஆசையை. கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டிருக்காதவனிடம் அதன் பலம் பாதியாகிவிடுகிறது. பயந்து ஒதுங்கவும் தேவையில்லை, எதிரியைப் போல் மூர்க்கம் கொள்ளவும் தேவையில்லை.

இவ்வளவும் பலகையில். பலகையில் கொடுப்பதைத் தியாகம் என்கிறோம். தியாகம் செய்தவர் யார்? அண்டர்சன் என்கிறோம், கோட்டையையோ சிப்பாயையோ சொல்வதில்லை. அவை மரம் என்பதால் அதில் குற்றமில்லை. ஆனால் இதே சொல்வழக்கை மனிதர்கள் மீதும் நாம் தயங்காமல் பயன்படுத்தி வந்திருக்கிறோம். யாரோ ஒரு தாயின் பிள்ளை முன்னுக்குத் தள்ளப்பட்டபோது, தள்ளிய கையைப் பார்த்து ‘ஆகா’ என்றிருக்கிறோம். எல்லாத் தரப்பிலும் அந்தக் கைகள் இருந்தன. தூர தேசத்தில் இருந்துகொண்டு பலகையைப் பார்த்தவர்களுக்கு அந்த ‘ஆகா’ இன்னும் எளிதாயிருந்தது.

தள்ளியவரும் தன் ராஜாவைத் திறந்துதானே வைத்தார் என்று சிலர் வாதிடலாம். சில வேளைகளில் அது உண்மையும்கூட. தன்னைப் பணயம் வைப்பவனை மதிக்கலாம். ஆனால் தன்னைப் பணயம் வைத்தது, மற்றவனைப் பணயம் வைப்பதற்கு அனுமதிச்சீட்டு ஆகாது. தன் உயிரைத் தானே கொடுப்பதற்குத்தான் தியாகம் என்று பெயர். அடுத்தவன் கொடுத்தால் அது பலி. இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றிப் பேசியது மொழியின் குற்றமல்ல.

பலகையிலுள்ள காய்களில் பின்னோக்கி வரமுடியாதது சிப்பாய் ஒன்றுதான். அதை நகர்த்துமுன் கொஞ்சம் அதிகமாக யோசிக்க வேண்டும் என்று ஆட்டம் பழக்குபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது மரச் சிப்பாய்க்குச் சொன்னது.