தலையசைப்பு

சத்தியமங்கலத்து நண்பர் ஒருவர், இணையத்தில் பாட்டு வரவழைக்கும் தம் பெட்டிக்கு 30,000 ரூபாயில் ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்கினார். “தம்பூரா சுருதி தனியா நிக்குது பாருங்க!” என்றார். தலையசைத்தேன்.

கேபிளில் ஓடுவது நாதமல்ல, எண்கள். வழியில் பழுதானால் கருவிகளே கண்டுபிடித்து மறுபடி வரவழைத்துக்கொள்ளும். கடிதம் சைக்கிளில் வந்தாலும் காரில் வந்தாலும் எழுத்து மாறுமோ? 2015-ல் லாஸ் வேகாஸில் கேபிளைக் காட்டாமல் நடத்திய சோதனையில், கேட்டவர்களால் வேற்றுமை காண முடியவில்லை.

ஆனால் அவருடைய ஆனந்தம் பொய்யா? பணம் கொடுத்தவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறான். முன்பு தவறவிட்டதைக் கேட்கிறான். கேட்டது மெய், காரணந்தான் பொய். அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

நேற்று அவரே போனில் கூப்பிட்டார். “நீங்களே ஒப்புக்கிட்டீங்கன்னு சொன்னேனுங்க. தம்பியும் கடனை வாங்கியாவது ஒண்ணு வாங்கப் போறானுங்க.”

சத்திக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.