எந்தக் கரையில்?

சியாட்டில் நகரின் ஷில்ஷோல் குடாக் கரையில் லைஃப் எரிக்ஸனின் சிலை நிற்கிறது, 1962இல் வைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கைக் கடந்த இந்த மாலுமி பசிபிக்கைக் கண்டவனே அல்ல. சுற்றியுள்ள கற்களில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பெயர்கள். வந்தவர்கள் தமக்கு ஒரு முன்னோடியை நிறுத்திக்கொண்டார்கள். குடாவின் பெயரோ, அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் சொல்.

நம் கரையிலும் ஒருவர் நிற்கிறார். டென்மார்க் அரசன் அனுப்பி 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க். டேனிஷ் அதிகாரியே அவரைக் கோட்டையில் சிறைவைத்தான். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. இன்று அவரைத் தம் முன்னோராகக் கொள்பவர்கள் இங்குள்ள தமிழ் லுத்தரன்கள். வந்தவனை ஏற்றவர்கள் நினைவுகூர்வது வேறு. வந்தவன் வழியினர் வந்த இடத்தில் தம்மையே நினைவுகூர்வது வேறு. பின்னது ஞாபகத்தின் தோற்றம் கொண்ட பட்டா என்று எனக்குப் படுகிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை? திருவாடானையிலிருந்து என் தாத்தாவின் தம்பி பர்மாவுக்குப் போனார். லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கெழுதும் அடுத்தாள் ஆனவர். 1942இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே கிளம்பியவர்களில் ஒருவர். வந்து சேரவில்லை. அவருக்கு ஒரு கல் வேண்டும் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்தக் கரையில் வைப்பது? முப்பதுகளின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கீழ்பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது. கடன்கொடுத்தவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை, பணம் திரும்பாததால் நிலம் வந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் இழந்தவனுக்கு அந்த வித்யாசத்தால் என்ன? அங்கே எங்கள் கல், ஷில்ஷோல் கல்லைப் போலத்தான் இருக்கும்.

அப்படியானால் தொண்டிக் கரையில் வைக்கலாம். போனவனை அனுப்பிய கரை அழலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. இப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அதுவும் போதவில்லை. அவர் கணக்கில் பற்று எழுதப்பட்டு, நிலம் போன ஒரு பர்மிய விவசாயியின் பெயரும் அந்தக் கல்லில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் பெயரை மட்டும் வெட்டிவைக்க என்னால் முடியவில்லை.